எண்ணோடு உடலையும் கேட்போம்

இரத்தப் பரிசோதனையின் முடிவுத்தாளைக் கையில் வாங்கியதும் நம்முள் பெரும்பாலோர் முதலில் தேடுவது தடித்த எழுத்தில் அச்சான எண்ணைத்தான். அந்த எண் வரம்புக்குள் இருந்தால் மூச்சு சீராகிறது. வரம்பைத் தாண்டியிருந்தால் நெஞ்சு படபடக்கிறது. உடல் என்ன சொல்கிறது என்பதை அக்கணமே மறந்துவிடுகிறோம். நோயாளிகளும் குடும்பத்தினரும் மட்டும் அல்லர், மருத்துவப் பணியில் இருக்கும் நாங்களும் அவ்வாறு மறப்பதுண்டு. அப்படி மறந்த ஒரு நாளைப் பற்றியும், அதிலிருந்து நாங்கள் கற்றதைப் பற்றியும், இம்மருத்துவமனையில் எது மாற வேண்டும் என்பதைப் பற்றியும் இங்கே எழுதுகிறோம். இதை எழுதும் எங்களுள் ஆய்வகத்தில் பணிபுரிவோரும் செவிலியரும் மருத்துவரும் உள்ளனர்.

ஜமுனாமரத்தூருக்கு அப்பால் உள்ள ஒரு சிற்றூரிலிருந்து ஓர் இளந்தாய் தம் மாமியாருடன் வந்திருந்தார். இடுப்பில் ஐந்து மாதக் குழந்தை. மகப்பேற்றுக்குப் பின் தலைமுடி கொத்துக் கொத்தாக உதிர்ந்தது, உடல் அயர்ந்தது. மலையடிவாரத்து ஊர் ஒன்றில் இரத்தம் பரிசோதித்தபோது தைராய்டு சுரப்பி அளவுக்கு மீறி வேலை செய்வதாக முடிவு வந்தது. சுரப்பியைக் கட்டுப்படுத்தும் மாத்திரை தொடங்கப்பட்டது. ஆறு வாரம் தவறாமல் விழுங்கினார். அயர்ச்சி குறையவில்லை, கூடியது. எங்களிடம் வந்தார். நாங்களும் இரத்தம் எடுத்தோம். எங்கள் கருவியும் அதே விடையைத் தந்தது: டி.எஸ்.எச். மிகக் குறைவு, டி4 மிக அதிகம். சுரப்பி இன்னும் அடங்கவில்லை, மாத்திரையின் அளவைக் கூட்ட வேண்டும் என்ற முடிவுக்கு நாங்கள் கிட்டத்தட்ட வந்துவிட்டோம். நோயை விளக்கும்போது, இந்நோயில் உடல் சூடேறும், வியர்க்கும், இதயம் வேகமாகத் துடிக்கும் என்று மருத்துவர் சொன்னார். அதுவரை வாய் திறவாமல் அமர்ந்திருந்த மாமியார் அப்போதுதான் பேசினார்.

“டாக்டரம்மா, இவ ராவும் பகலும் கம்பளிக்குள்ளேயே கெடக்கறா. ஒரு சொட்டு வேர்க்கல. இவளுக்கா ஒடம்பு சூடுங்கறீங்க?”

மருத்துவர் மீண்டும் நாடி பார்த்தார். துடிப்பு மெதுவாகவே இருந்தது. கைகளில் நடுக்கம் இல்லை; தோல் வறண்டிருந்தது. தாளில் இருந்த எண் ஒரு நோயைச் சொன்னது. எதிரில் இருந்த உடல் அதற்கு நேர்மாறான ஒன்றைச் சொன்னது. அதன் பிறகே செவிலியர் ஒரு கேள்வியைக் கேட்டார்: “வேறு ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறீர்களா, அம்மா?” நகரில் வேலை செய்யும் உறவினர் ஒருவர் முடி வளர்வதற்காக வாங்கித் தந்த மாத்திரையை அந்தத் தாய் நாள்தோறும் காலையில் விழுங்கி வந்தார். மருத்துவர் எழுதித் தந்த மருந்து அன்று என்பதால் அதை யாரிடமும் சொல்லவில்லை. சொல்லும்படி யாரும் கேட்கவும் இல்லை. ஒரு மாத்திரையில் 10 மில்லிகிராம் பயோட்டின் இருப்பதாக அட்டையில் அச்சிட்டிருந்தது.

முடி மாத்திரையை நிறுத்திச் சில நாள் கழித்து மீண்டும் இரத்தம் எடுத்தோம். உண்மை வெளிப்பட்டது. சுரப்பி மிகையாக வேலை செய்யவே இல்லை. தேவையற்ற மருந்தால் அது அடங்கிப் போயிருந்தது. அம்மருந்தையும் நிறுத்தியபின் சில வாரங்களில் சுரப்பி தன் இயல்புக்குத் திரும்பியது. தாயும் குழந்தையும் நலமாக உள்ளனர். ஆயினும் ஆறு வாரம் பாலூட்டும் ஒரு பெண் தமக்கு இல்லாத நோய்க்கு மருந்து உண்டார் என்பதும், அந்தப் பிழையை நாங்கள் இன்னும் பெரிதாக்க இருந்தோம் என்பதும் மறக்கக்கூடியவை அல்ல. எங்களைத் தடுத்து நிறுத்தியது கருவி அன்று. ஒரு மாமியாரின் சொல்.

அளவிடும் முறையும் அதில் நேரும் குறுக்கீடும்

இது எவ்வாறு நேர்ந்தது என்பதைப் புரிந்துகொள்ள, இப்பரிசோதனை செய்யப்படும் முறையைச் சிறிது அறிய வேண்டும். தைராய்டு, கர்ப்பம், மாரடைப்பின்போது உயரும் டிரோபோனின், சில புற்றுநோய்க் குறியீடுகள், எச்.ஐ.வி., டெங்கு முதலிய பல பரிசோதனைகள் ‘இம்யூனோஅஸ்ஸே’ என்னும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. நம் உடல் நோய்க்கிருமிகளைப் பிடிப்பதற்காக ‘ஆன்டிபாடி’ எனப்படும் எதிர்ப்பொருள்களை உண்டாக்குகிறது. ஒவ்வோர் எதிர்ப்பொருளும் ஒரு குறிப்பிட்ட பொருளை மட்டும் அடையாளம் கண்டு பற்றிக்கொள்ளும். இத்திறனை ஆய்வகத்தில் பயன்படுத்தி, இரத்தத்தில் மிக நுண்ணிய அளவில் உள்ள பொருளைப் பிடித்து அளப்பதே இம்முறை.

இதை உருவாக்கியவர்கள் அமெரிக்க அறிவியலாளர்கள் ரோசலின் யாலோவும் சாலமன் பெர்சனும் ஆவர். இன்சுலின் ஊசி போட்டுக்கொண்ட நீரிழிவு நோயாளிகளின் இரத்தத்தில், அந்த இன்சுலினையே பற்றிக்கொள்ளும் எதிர்ப்பொருள்கள் இருப்பதை 1950-களில் அவர்கள் கண்டனர். விலங்குகளிடமிருந்து எடுத்த இன்சுலினே அக்காலத்தில் ஊசியாகப் போடப்பட்டது. அந்த எதிர்ப்பொருள்களைக் கொண்டே இன்சுலினின் அளவைக் கணிக்கலாம் என்ற எண்ணத்திலிருந்து இம்முறை பிறந்தது. இதற்காக 1977-இல் யாலோவுக்கு நோபல் பரிசு கிடைத்தது. பெர்சன் அதற்கு முன்பே 1972-இல் காலமாகிவிட்டார். இன்று இம்முறை இல்லாமல் எந்த மருத்துவமனையும் இயங்க முடியாது.

பெரும்பாலான கருவிகளில் இரண்டு எதிர்ப்பொருள்கள் சேர்ந்து வேலை செய்கின்றன. அவற்றை இரு கைகள் என்று எண்ணிக்கொள்ளலாம். ஒரு கை, தேடும் பொருளைப் பிடித்து நிறுத்துகிறது. மற்றொரு கை, அதே பொருளை மறுபக்கத்திலிருந்து பற்றிக்கொண்டு விளக்கேந்தி நிற்கிறது. எத்தனை விளக்குகள் எரிகின்றனவோ அதைக் கொண்டு பொருளின் அளவைக் கருவி சொல்கிறது. விளக்கை எண்ணுவது மட்டுமே கருவியின் வேலை. அந்த விளக்கை ஏற்றியது தேடிய பொருள்தானா, வேறொன்றா என்பது அதற்குத் தெரியாது. வேறொன்று புகுந்து கணக்கை மாற்றுவதையே குறுக்கீடு என்கிறோம். அது மூன்று வழிகளில் பெரும்பாலும் நிகழ்கிறது.

முதல் வழி பயோட்டின். இது பி வகை வைட்டமின்களுள் ஒன்று. சில கருவிகளில் பிடிக்கும் கையைப் பாத்திரத்தோடு ஒட்டவைக்கும் பசையாகப் பயோட்டினும், அதனோடு இறுகப் பிணையும் ஸ்டிரெப்டவிடின் என்னும் புரதமும் பயன்படுகின்றன. இரத்தத்தில் பயோட்டின் மிகுந்திருந்தால் அது அந்தப் பசையின் இடத்தைத் தானே பிடித்துக்கொள்கிறது. கை ஒட்டாது, விளக்கு எரியாது. டி.எஸ்.எச். அளவிடும் முறையில் விடை பொய்யாகக் குறைகிறது. டி4 அளவிடும் முறை வேறு. அதில் விளக்கு குறைந்தால் பொருள் மிகுதி என்று கருவி கணக்கிடும். ஆகவே அங்கே விடை பொய்யாக உயர்கிறது. இரண்டையும் சேர்த்துப் படித்தால், தைராய்டு மிகைச் சுரப்பின் சித்திரம் சிறிதும் பிசகாமல் தோன்றும். அந்த இளந்தாய்க்கு நேர்ந்தது இதுவே.

ஒருவருக்கு ஒரு நாளைக்கு 30 மைக்ரோகிராம் பயோட்டின் போதும். அது உணவிலிருந்தே கிடைத்துவிடும். 10 மில்லிகிராம் மாத்திரை ஒன்றில் இருப்பது அதைப் போல முந்நூறு மடங்குக்கும் மேல். அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2017 நவம்பரில் இதுபற்றி எச்சரிக்கை விடுத்தது. மிகுந்த அளவில் பயோட்டின் உண்ட ஒருவருக்கு டிரோபோனின் பொய்யாகக் குறைந்து காட்டியதைத் தொடர்ந்து அவர் உயிரிழந்த செய்தியையும் அந்த எச்சரிக்கை குறிப்பிட்டது. எல்லா நிறுவனக் கருவிகளும் இப்பசையைப் பயன்படுத்துவதில்லை. பயன்படுத்தியவற்றுள் சில திருத்தி அமைக்கப்பட்டும் விட்டன. ஆயினும் எந்தக் கருவியில் நம் இரத்தம் அளக்கப்படுகிறது என்பது நோயாளிக்குத் தெரிவதில்லை. ஆகவே மாத்திரையைப் பற்றிச் சொல்லிவிடுவதே காப்பு.

இரண்டாம் வழி, நம் உடலிலேயே உள்ள சில எதிர்ப்பொருள்கள். பரிசோதனைக்குப் பயன்படும் கைகள் பெரும்பாலும் எலி, முயல், ஆடு போன்ற விலங்குகளிடமிருந்து பெறப்படுபவை. சிலருடைய இரத்தத்தில் விலங்குப் புரதங்களைப் பற்றிக்கொள்ளும் எதிர்ப்பொருள்கள் இயல்பாகவே இருக்கும். விலங்குகளோடு நெருங்கிப் பழகுவதால் உண்டாகலாம். சில வகை மருந்துகளால் உண்டாகலாம். காரணம் எதுவும் புலப்படாமலும் இருக்கலாம். மூட்டுவாத நோயாளிகளின் இரத்தத்தில் உள்ள முடக்குவாதக் காரணியும் இதே வேலையைச் செய்வதுண்டு. இவை, தேடும் பொருளே இல்லாதபோதும் இரு கைகளையும் ஒன்றோடொன்று கோத்துவிடும். இல்லாத பொருளுக்கு விளக்கு எரியும். ஆடு மாடு வளர்ப்போர் இதைப் படித்து அஞ்ச வேண்டியதில்லை. இத்தகைய எதிர்ப்பொருள்களைத் தடுக்கும் பொருளைப் பரிசோதனைப் பெட்டியிலேயே சேர்த்துத்தான் அனுப்புகின்றனர். அதையும் மீறிச் சிலரிடம் மட்டும் குறுக்கீடு நிகழ்கிறது.

மூன்றாம் வழி, தேடும் பொருள் அளவுக்கு மீறி மிகுந்திருப்பது. பொருள் பெருகி வழியும்போது ஒவ்வொரு கையும் தனித்தனியே ஒரு துகளைப் பற்றிக்கொள்கிறது. இரு கைகளும் ஒரே துகளில் சேர்வதில்லை, விளக்கு குறைகிறது. மலையளவு இருந்தும் கடுகளவு எனக் கருவி சொல்லும். முத்துப்பிள்ளைக் கர்ப்பம் உள்ள பெண்ணுக்குக் கர்ப்ப ஹார்மோன் மிக மிக உயர்வதால், சிறுநீர் அட்டைப் பரிசோதனை சில வேளைகளில் ‘இல்லை’ என்று காட்டுவது இதனால்தான். மாதிரியில் நீர்ம மருந்தைக் கலந்து நீர்க்கச் செய்து மீண்டும் அளந்தால் உண்மை அளவு தெரிந்துவிடும்.

திரும்பத் திரும்பச் சொன்னாலும் பொய் பொய்யே

‘சந்தேகம் வந்தால் இன்னொரு முறை பரிசோதித்தால் போயிற்று’ என்று தோன்றலாம். அது போதாது என்பதற்கு மிகத் துயரமான சான்று ஒன்று உண்டு. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் 1998-இல் ஓர் இளம்பெண்ணுக்கு இரத்தத்தில் கர்ப்ப ஹார்மோன் இருப்பதாக முடிவு வந்தது. கர்ப்பம் இல்லை. எனவே அந்த ஹார்மோனைச் சுரக்கும் அரிய புற்றுநோய் என மருத்துவர்கள் கருதினர். புற்றுநோய் மருந்துகள் செலுத்தப்பட்டன. கருப்பை அகற்றப்பட்டது. நுரையீரலின் ஒரு பகுதியும் வெட்டி எடுக்கப்பட்டது. ஒவ்வொரு முறையும் இரத்தம் மீண்டும் பரிசோதிக்கப்பட்டது. ஒவ்வொரு முறையும் ஹார்மோன் இருப்பதாகவே விடை வந்தது. அவருக்குப் புற்றுநோய் இருந்ததே இல்லை. அவருடைய இரத்தத்தில் இருந்த எதிர்ப்பொருள்கள் அந்தப் பரிசோதனையின் கைகளைக் கோத்துவிட்டன. 2001-இல் நீதிமன்றம் அவருக்கு ஒன்றரைக் கோடி டாலருக்கு மேல் இழப்பீடு வழங்கத் தீர்ப்பளித்தது. இழந்த தாய்மையை எந்தத் தொகையும் மீட்டுத் தராது. இவ்வாறே பொய்யான கர்ப்ப ஹார்மோன் அளவால் புற்றுநோய் எனக் கருதப்பட்டுத் தேவையற்ற சிகிச்சைக்கு ஆளான 12 பெண்களைப் பற்றி 2000-ஆம் ஆண்டில் ‘லான்செட்’ மருத்துவ இதழ் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டது.

இதைத் தடுத்திருக்கக்கூடிய பரிசோதனை மிக எளியது. குறுக்கிடும் எதிர்ப்பொருள்கள் உருவில் பெரியவை. சிறுநீரகம் அவற்றைச் சிறுநீருக்குள் விடுவதில்லை. உண்மையான கர்ப்ப ஹார்மோனோ சிறுநீரில் வெளிப்படும். இரத்தத்தில் இருந்து சிறுநீரில் இல்லையெனில் முடிவை ஐயுற வேண்டும். ஒரே கேள்வியை ஒரே சாட்சியிடம் நூறு முறை கேட்பதைவிட, வேறு சாட்சி ஒருவரிடம் ஒரு முறை கேட்பது மேல்.

இந்தப் பாடம் நம் சவ்வாது மலைக்குப் புதிதன்று. 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் கோள் ஒரு விண்மீனை மறைத்துச் செல்வதைக் காவலூர் வானாய்வகத்தின் தொலைநோக்கி நோக்கிக்கொண்டிருந்தது. கோள் மறைப்பதற்கு முன்பே விண்மீனின் ஒளி ஒரு கணம் மங்கியது. யுரேனஸுக்குப் புதிய துணைக்கோள் ஒன்று இருக்கலாம் என முதலில் கருதப்பட்டது. அதே நேரத்தில் இந்தியப் பெருங்கடலின் மேல் பறந்த விமானத்திலிருந்த தொலைநோக்கியும், வேறு இடங்களிலிருந்த ஆய்வகங்களும் பதிவு செய்தவற்றோடு ஒப்பிட்டபோதுதான், ஒளியை மறைத்தவை யுரேனஸைச் சுற்றியுள்ள வளையங்கள் என்பது தெளிவாயிற்று. காவலூரில் பதிவானதில் பிழை இல்லை. அதற்குக் கொண்ட பொருள்தான் மாறியது. பல இடத்துச் சாட்சிகளை ஒப்பிட்டதே உண்மையை வெளிக்கொணர்ந்தது.

எச்.ஐ.வி. பரிசோதனையில் நம் நாடு இவ்வழக்கத்தை நெடுங்காலமாகவே கடைப்பிடித்து வருகிறது. முதல் சோதனையில் ‘ரியாக்டிவ்’ என வந்ததால் மட்டும் நோய் அறிகுறி இல்லாத ஒருவருக்குத் தொற்று உண்டென்று அறிவிப்பதில்லை. தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் வழிகாட்டுதல்படி, வெவ்வேறு முறையில் அமைந்த மூன்று சோதனைகளிலும் அதே விடை வந்த பின்னரே உறுதி செய்கின்றனர். ஒரு மனிதரின் வாழ்வைப் புரட்டிப் போடக்கூடிய சொல்லை ஒற்றைச் சாட்சியின் பேரில் சொல்லக் கூடாது என்பதே இதன் அடிப்படை. ஒரு கருப்பையை அகற்றும் முடிவுக்கும், பாலூட்டும் தாய்க்கு மாதக்கணக்கில் மருந்து கொடுக்கும் முடிவுக்கும் அதே அடிப்படை பொருந்த வேண்டும் என்கிறோம்.

தரமான ஆய்வகத்திலும் நேரலாம்

‘நல்ல ஆய்வகத்தில் பரிசோதித்தால் இப்படி நேருமா?’ என்று கேட்பவர்கள் உண்டு. நேரலாம். ஆய்வகங்களின் தரத்தைச் சரிபார்க்க நல்ல ஏற்பாடுகள் உள்ளன. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மருத்துவ உயிர்வேதியியல் துறை நடத்தும் வெளித்தர மதிப்பீட்டுத் திட்டத்தில், நாடெங்கும் உள்ள ஆய்வகங்களுக்கு ஒரே மாதிரி அனுப்பப்படுகிறது. ஒவ்வோர் ஆய்வகமும் தான் கண்ட விடையைத் திருப்பி அனுப்புகிறது. மற்றவற்றின் விடையோடு அது ஒப்பிடப்படுகிறது. கருவி பழுதாகியிருந்தாலோ, வேதிப்பொருள் கெட்டிருந்தாலோ இதில் தெரிந்துவிடும்.

ஆனால் அம்மாதிரியில் உங்கள் எதிர்ப்பொருள் இருக்காது. நீங்கள் காலையில் விழுங்கிய முடி மாத்திரையும் இருக்காது. கருவி சரியாக இருக்கிறதா என்பதை அத்திட்டம் சொல்லும். உங்கள் இரத்தத்தில் கருவியை ஏமாற்றும் பொருள் இருக்கிறதா என்பதைச் சொல்லாது. குறுக்கீடு கருவியில் இல்லை, அந்த ஒரு நாளின் ஒரு குழாய் இரத்தத்தில் இருக்கிறது. அதனால்தான் ஆய்வகத்தில் உள்ள எங்கள் கண்ணுக்கு அது புலப்படுவதில்லை. அதைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பு இருவருக்கே உண்டு: உடலைத் தொட்டுப் பார்க்கும் மருத்துவருக்கும், அந்த உடலோடு ஒரே வீட்டில் வாழும் குடும்பத்தாருக்கும்.

எது மாற வேண்டும்

நோயாளிகள் தாங்களாகவே எல்லாவற்றையும் சொல்ல வேண்டும் என எதிர்பார்ப்பது நியாயமன்று. முடிக்காக வாங்கிய மாத்திரை ஒரு மருந்து என்றே பலர் நினைப்பதில்லை. அது இரத்தப் பரிசோதனையை மாற்றும் என்று அவர்களுக்கு எவரும் சொன்னதும் இல்லை. எனவே கேட்க வேண்டிய கடமை மருத்துவமனையைச் சேர்ந்தது. இரத்தம் எடுக்கும் இடத்தில், ஊசி குத்தும் முன், “கடையில் வாங்கிய மாத்திரை, பொடி, சத்து மருந்து, லேகியம் ஏதேனும் சாப்பிடுகிறீர்களா?” என்று ஒவ்வொருவரிடமும் வாய்விட்டுக் கேட்க வேண்டும். படிவத்தில் ஒரு கட்டம் அச்சிட்டால் மட்டும் போதாது. படிவத்தைப் படிக்க இயலாதோர் நம்மிடம் பலர் வருகின்றனர். விடையை ஆய்வகச் சீட்டில் எழுதி அனுப்ப வேண்டும். இதற்கு ஆகும் நேரம் அரை நிமிடம்.

அடுத்ததாக, உடலின் நிலையும் எண்ணும் முரண்பட்டால், மருந்து எழுதுவதற்கு முன் மருத்துவர் ஆய்வகத்தோடு பேச வேண்டும். எடுத்த இரத்தத்தின் தெளிநீரைக் குளிரூட்டியில் சில நாள் வைத்திருந்தால் பல சோதனைகளை அதிலேயே செய்துவிடலாம். நீர்க்கச் செய்து அளக்கலாம். குறுக்கிடும் எதிர்ப்பொருளைத் தடுக்கும் பொருளைச் சேர்த்து அளக்கலாம். வேறு நிறுவனக் கருவி உள்ள ஆய்வகத்துக்கு அனுப்பலாம். பயோட்டின் உண்டவருக்கு மட்டும் பெரும்பாலும் புதிதாக இரத்தம் எடுக்க வேண்டியிருக்கும். மலையிலிருந்து போளூருக்கோ ஆலங்காயத்துக்கோ இறங்கிப் பேருந்து மாறி வருபவருக்கு, இன்னொரு முறை வருவது என்பது ஒரு நாள் கூலியும், பேருந்துக் கட்டணமும், சாமை அறுவடைக் காலத்தில் ஒரு நாள் வேலையும் ஆகும். இருக்கும் தெளிநீரிலேயே செய்யக்கூடிய சோதனைக்காக அவரை மீண்டும் வரவழைப்பது கூடாது.

எங்கள் ஐயத்தைத் தீர்க்கச் செய்யும் மறுபரிசோதனைக்கு நோயாளியிடம் கட்டணம் பெறுவதும் கூடாது. செலவு கூடும் என்று எங்களுள்ளேயே சிலர் கூறினர். மறுபரிசோதனைக்கு ஆகும் செலவையும், தவறான எண்ணை நம்பி மாதக்கணக்கில் தரும் மருந்துக்கும் அதனால் வரும் கேட்டுக்கும் ஆகும் செலவையும் அருகருகே வைத்துப் பார்க்கும்படி அவர்களை வேண்டுகிறோம்.

இன்னொரு மறுப்பும் எழுந்தது. இதையெல்லாம் எழுதினால் நோயாளிகள் எல்லா முடிவுகளையும் ஐயுறத் தொடங்குவர். ‘இது பொய் ரிப்போர்ட்’ என்று சொல்லித் தேவையான மருந்தையும் நிறுத்திவிடுவர் என்பது அது. இந்த அச்சத்தை நாங்கள் புறக்கணிக்கவில்லை. ஆகவே தெளிவாகவே சொல்கிறோம்: பெரும்பாலான பரிசோதனை முடிவுகள் சரியானவை. குறுக்கீடு அரிதாகவே நேர்கிறது. முடிவு உங்களுக்குப் பிடிக்கவில்லை என்பது அதை ஐயுறப் போதுமான காரணம் அன்று. முடிவும் உடலும் முரண்படுகின்றன என்பதே காரணம். அப்போதும் செய்ய வேண்டியது கேட்பது. தாமாக மருந்தை நிறுத்துவது அன்று. ஆயினும் பிழை நேரக்கூடும் என்பதை மறைத்துப் பெறும் நம்பிக்கை நீடிக்காது. பிழையைச் சொல்லி, அதைத் திருத்தும் வழியையும் சொல்லிப் பெறும் நம்பிக்கையே நோயாளிக்கும் மருத்துவமனைக்கும் நன்மை தரும்.

உங்களிடம் நாங்கள் வேண்டுவது

மருத்துவமனைக்கு வரும்போது வீட்டில் உண்ணும் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு வாருங்கள். மருத்துவர் எழுதியவை, கடையில் கேட்டு வாங்கியவை, உறவினர் தந்தவை, சத்துப் பொடி, நாட்டு மருந்து என எதையும் விடவேண்டாம். பெயர் நினைவில் இல்லாவிட்டாலும் அட்டையையோ புட்டியையோ காட்டினால் போதும். அவற்றைக் கண்டு நாங்கள் கடிந்துகொள்ள மாட்டோம். யாரேனும் கடிந்துகொண்டால் அது எங்கள் பிழை. தயங்காமல் எங்களிடம் தெரிவியுங்கள்.

முடி, நகம், தோல் ஆகியவற்றுக்கான மாத்திரை உண்பவர்கள் தைராய்டு பரிசோதனைக்கு வருமுன் எத்தனை நாள் நிறுத்த வேண்டும் என்பதை மருத்துவரிடம் கேளுங்கள். அமெரிக்கத் தைராய்டு சங்கம் குறைந்தது இரண்டு நாள் நிறுத்தும்படி பரிந்துரைக்கிறது. மிகுந்த அளவில் உண்பவர்க்கும் சிறுநீரக நோய் உள்ளவர்க்கும் அதைவிடக் கூடுதல் நாள் தேவைப்படலாம். பயோட்டினை உடல் பயன்படுத்த இயலாத அரிய பிறவிக் குறையுள்ள குழந்தைகளுக்கு அதுவே உயிர் காக்கும் மருந்து. அவர்களுக்கு ஒரு நாளும் நிறுத்தக் கூடாது. பரிசோதிப்பவரிடம் சொன்னால் போதும். நெஞ்சு வலி போன்ற அவசர நிலையில் எதற்காகவும் காத்திராமல் உடனே வாருங்கள். உண்ணும் மாத்திரையைப் பற்றி வந்ததும் சொல்லுங்கள்.

முன்பு வேறிடத்தில் செய்த பரிசோதனைத் தாள்களை எறிந்துவிடாதீர்கள். ஒரே பரிசோதனை இரண்டு இடங்களில் பெரிதும் வேறுபட்ட விடை தந்திருந்தால், இரண்டில் ஒன்று ஏமாற்று என்று முடிவு கட்டாமல், இரண்டு தாள்களையும் மருத்துவர் முன் வையுங்கள். அந்த வேறுபாடே சில நேரம் குறுக்கீட்டின் முதல் அடையாளம் ஆகும். முடக்குவாதம் உள்ளவர்கள் அதையும் ஆய்வகத்தில் சொல்லிவையுங்கள்.

குடும்பத்தாரே, நீங்கள் கூடத்தில் காத்திருக்க மட்டும் வந்தவர்கள் அல்லர். இரவில் அவர் உறங்கினாரா, வியர்த்தாரா, குளிர்ந்தாரா, எவ்வளவு உண்டார், நடையில் என்ன மாற்றம் என்பதை நீங்களே அறிவீர்கள். எந்தக் கருவியும் அதை அளக்காது. மருத்துவர் சொல்வது நீங்கள் வீட்டில் கண்டதோடு பொருந்தவில்லை என்றால், “ஐயா, நாங்கள் பார்ப்பது வேறாக இருக்கிறதே” என்று சொல்லுங்கள். அது மரியாதைக் குறைவு ஆகாது. படிப்பறிவு இல்லையே, நமக்கு என்ன தெரியும் என்று எண்ணி வாய் மூடி இருந்துவிடாதீர்கள். அன்று அந்த மாமியாரும் அவ்வாறு எண்ணி அமைதியாக இருந்திருந்தால், நாங்கள் மாத்திரையின் அளவைக் கூட்டியிருப்போம். அவர் பேசினார், அவருடைய மருமகள் நலம் பெற்றார்.